எங்கள் தலைக்கு மேல் பறந்த கணக்கு

2009 ஜனவரி 8 ஆம் திகதி மாலை நாங்கள் விசுவமடுவில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். அக்கராயனை விட்டு வெளிக்கிட்டு நாலு மாதத்துக்கு மேலாகியிருந்தது. கிளிநொச்சி ஆறு நாட்களுக்கு முன்னர் விழுந்துவிட்டது. ஆனையிறவும் கையை விட்டுப் போகிற நேரம். அம்மம்மா மாற்றி மாற்றிச் சூடாக்கிய பழைய பற்றரிகளில் ஓடிய வானொலியில்தான் அந்தச் செய்தி வந்தது. கொழும்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுவிட்டார்களாம். பெயர் லசந்த விக்கிரமதுங்க.

கொட்டிலுக்குள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா மட்டும், அங்கேயும் தொடங்கிவிட்டார்கள் என்பது போல ஏதோ முணுமுணுத்தார். அன்று எங்கள் கவலை பங்கருக்குள் தண்ணீர் ஊறியதும், அடுத்து எங்கே போவது என்பதும்தான். பெயர் தெரியாத ஒரு சிங்களப் பத்திரிகையாளரின் சாவு எங்களுக்கு எந்த வகையில் சேர்ந்தது என்று யோசிக்க அப்போது இடமிருக்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது அந்தப் பெயர் திரும்ப வந்தது. அவர் எழுதியவற்றைத் தேடி வாசித்தபோதுதான் ஒரு விசயம் விளங்கியது. எந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் பங்கருக்குள் பாய்ந்தோமோ, அந்தச் சத்தத்தை வாங்கிய கணக்கைத்தான் இந்த மனிதன் கேட்டுக்கொண்டிருந்தான்.

லசந்த 1958 ஏப்ரல் 5 ஆம் திகதி பிறந்தவர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் கொட்டாஞ்சேனையே அவருடைய ஊர். தகப்பன் கொழும்பு மாநகர சபை அரசியலில் இருந்தவர். லசந்த அங்குள்ள புனித பெனடிக்ற் கல்லூரியில் படித்தார், பிறகு சட்டம் படித்துச் சட்டத்தரணியானார். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தனிச் செயலாளராக வேலை செய்தார். 1989 நாடாளுமன்றத் தேர்தலில் சுதந்திரக் கட்சியில் நின்று தோற்றார். அரசியல்வாதிகளின் வீட்டு முன்கதவும் பின்கதவும் அவருக்குப் பழக்கம். பிற்காலத்தில் அவருடைய பேனாவைக் கண்டு அவர்கள் பயந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சண்டே ரைம்ஸ் பத்திரிகையில் சுரனிமல என்ற புனைபெயரில் அவர் எழுதிய அரசியல் பத்தி கொழும்பில் பேர் பெற்றது. அமைச்சரவைக்குள் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தவை ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சில் வந்துவிடும். 1994 இல் அண்ணன் லாலுடன் சேர்ந்து சண்டே லீடரைத் தொடங்கினார். சந்திரிகா குமாரதுங்க சமாதானம் பேசி ஆட்சிக்கு வந்த வருடம் அது.

அடி விழ ஒரு வருடம் கூட ஆகவில்லை. 1995 பெப்ரவரியில் மனைவியுடன் வீடு திரும்பும்போது காரிலிருந்து இழுத்துத் தாக்கினார்கள். 1998 இல் அவருடைய வீட்டின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜனாதிபதியை அவதூறு செய்ததாகக் குற்றவியல் வழக்கில் 2000 ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டார், சிறைத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. சில எம்.பி.க்களும் பத்திரிகையாளர்களும் தொடர்ந்து போராடி, 2002 இல் அந்தக் குற்றவியல் அவதூறுச் சட்டமே நீக்கப்பட்டது.

2000 ஆம் ஆண்டில் நடந்த இன்னொரு சம்பவம் வன்னியில் இருந்தவர்களுக்கு நல்லாய் விளங்கும். ஏப்ரலில் ஆனையிறவு முகாம் விழுந்தது. யாழ்ப்பாணம் என்ன ஆகுமோ என்று தெற்கு பதறியது. அரசாங்கம் கடுமையான தணிக்கையைக் கொண்டுவந்தது. போர்ச் செய்தி எழுதக்கூடாது என்றார்கள். சண்டே லீடர் நடந்ததை எல்லாம் நடக்கவில்லை என்று எழுதி ஒரு கட்டுரை போட்டது. பலாலி தாக்கப்படவில்லை என்ற மாதிரி, வரிக்கு வரி மறுப்பு. வாசிக்கிறவனுக்கு உண்மை விளங்கும், தணிக்கை அதிகாரிக்கு வெட்ட இடம் இராது. அதற்காக மே மாதத்தில் அச்சகத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்றம் தணிக்கை அதிகாரியின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று யூன் 30 ஆம் திகதி தீர்ப்பளித்தது. பத்திரிகை திரும்ப வந்தது.

இந்த மனிதரைப் புனிதர் ஆக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. ரணில் விக்கிரமசிங்கவுக்கு நெருக்கமானவர், அந்தப் பக்கத்தின் ஊழலில் அவருடைய கண் அவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை என்று அவருடைய சக பத்திரிகையாளர்களே சொன்னதுண்டு. மகிந்த ராஜபக்ஷவும் அவருக்குப் பல வருட நண்பர். ஆனால் அந்த நட்பு எழுத்தைத் தடுக்கவில்லை. சுனாமி நிவாரணத்துக்கு வந்த பணத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட ரூபா, அப்போது பிரதமராக இருந்த மகிந்தவின் ஹம்பாந்தோட்டை உதவித் திட்டத்தின் கணக்குக்குப் போனதை 2005 யூலையில் வெளியிட்டது சண்டே லீடர்தான். ஜனாதிபதித் தேர்தலுக்கு நாலு மாதம் இருந்தபோது வந்த செய்தி அது. பொலிஸ் விசாரணை தொடங்கியது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. நவம்பரில் மகிந்த ஜனாதிபதியானார். தம்பி கோட்டாபய பாதுகாப்புச் செயலாளரானார்.

இனித்தான் எங்கள் தலைக்கு மேல் பறந்த விமானங்களின் கதை.

வன்னியில் நாங்கள் எல்லா ஜெற் விமானத்தையும் கிபிர் என்றுதான் சொல்வோம். இஸ்ரேலில் செய்த கிபிரும் ரஷ்யத் தயாரிப்பான மிக்-27 உம் எங்களுக்கு ஒன்றுதான். முதலில் வண்டு வந்து சுற்றும். பிறகு வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அக்கராயன் குளக்கட்டில் மாடு பார்த்துக்கொண்டு நிற்கிற பெடியன் அந்தச் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுப்பான். என்ன விலைக்கு, யாரிடம், யார் வாங்கினார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அது எங்கள் கேள்வி என்றே நினைக்கவில்லை.

2006 இல் இலங்கை விமானப்படை உக்ரைனிலிருந்து நாலு மிக்-27 விமானங்களை வாங்கவும், ஏற்கனவே இருந்தவற்றைப் பழுது பார்க்கவும் ஒப்பந்தம் செய்தது. மொத்தப் பெறுமதி சுமார் 1 கோடியே 46 இலட்சம் அமெரிக்க டொலர். வாங்கியவை 1980களின் தொடக்கத்தில் செய்த பழைய விமானங்கள். ஒன்றின் விலை சுமார் 24 இலட்சம் டொலர். 2000 ஆம் ஆண்டில் இதே வகை விமானங்களை ஒன்று 20 இலட்சத்துக்கும் குறைவாக வாங்கியிருந்தார்கள். வயது கூடிய விமானத்துக்கு விலையும் கூடியது ஏன்? அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் என்று சொல்லப்பட்டதில் பணம் பெலிமிஸா ஹோல்டிங்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போவது ஏன்? 2007 இல் சண்டே லீடர் இந்தக் கேள்விகளை அச்சில் போட்டது. சண்டே ரைம்ஸில் இக்பால் அத்தாஸும் எழுதினார். அத்தாஸுக்கு வழங்கியிருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். நவம்பர் மாதம் ஒரு விடியப்புறத்தில் முகமூடி போட்டவர்கள் இரத்மலானையில் இருந்த லீடர் அச்சகத்துக்குள் புகுந்து அச்சியந்திரத்துக்கு நெருப்பு வைத்தார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட இடம் அது.

கோட்டாபய ராஜபக்ஷ குற்றச்சாட்டுகளை மறுத்தார். 200 கோடி ரூபா நட்டஈடு கேட்டு 2008 இல் பத்திரிகை மீது வழக்குப் போட்டார். 2008 டிசெம்பரில், தன்னைப் பற்றி லீடர் எழுதக்கூடாது என்று கல்கிசை நீதிமன்றத்தில் தடையுத்தரவும் பெற்றார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே லசந்த கொல்லப்பட்டார்.

அந்த வாரத்தை நாட்களாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஜனவரி 2 கிளிநொச்சி. ஜனவரி 6 கொழும்புக்கு வெளியே பன்னிப்பிட்டியவில் சிரச தொலைக்காட்சி நிலையத்துக்கு நெருப்பு. ஜனவரி 8 காலை, அலுவலகத்துக்குத் தானே கார் ஓட்டிப் போய்க்கொண்டிருந்த லசந்தவை அத்திடியப் பகுதியில் மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் மறித்தார்கள். களுபோவில ஆஸ்பத்திரியில் அன்று பிற்பகல் உயிர் போனது. வயது 50. இரண்டாம் திருமணம் செய்து இரண்டு கிழமை கூட ஆகவில்லை. முதல் மணத்தில் மூன்று பிள்ளைகள். வடக்கில் சாட்சியில்லாத போர் ஒன்று முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது, தெற்கிலும் சாட்சிகள் இல்லாமல் செய்யப்பட்டார்கள்.

ஜனவரி 11 ஆம் திகதி அவருடைய கடைசி ஆசிரியர் தலையங்கம் வெளிவந்தது. தான் கொல்லப்படுவேன், அதற்குப் பின்னால் அரசாங்கம் இருக்கும் என்று அதில் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பழைய நண்பரான ஜனாதிபதியை விளித்து எழுதியிருந்தார். எங்களைப் பற்றியும் அதில் இருக்கிறது. சொந்தக் குடிமக்கள் மீது குண்டு போடும் அரசைக் கண்டித்தார். தமிழர்கள் இரண்டாந்தரக் குடிகளாக வாழவேண்டி வருவதைச் சொன்னார். விடுதலைப் புலிகளையும் அதே கட்டுரையில் மிகக் கடுமையாகச் சாடினார். எங்களில் பலருக்கு அந்தப் பகுதி கசக்கும். அதை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

அவருக்காக யுனெஸ்கோ அந்த வருடம் உலக ஊடக சுதந்திர விருதைக் கொடுத்தது. இதை எழுதும்போது ஒரு உறுத்தல் இருக்கிறது. 2000 ஒக்ரோபரில் ஊரடங்கு நேரம் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் வைத்துச் சுடப்பட்ட நிமலராஜன், 2004 இல் மட்டக்களப்பில் நடேசன், 2005 இல் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட சிவராம். லசந்த போய் ஐந்து கிழமையில், பெப்ரவரி 12 ஆம் திகதி, தேவிபுரத்தில் எறிகணை பட்டுச் செத்த சத்தியமூர்த்தி. இவர்களுடைய பெயர்களை உலகம் அந்த அளவுக்கு உச்சரிக்கவில்லை. லசந்தவின் குற்றமல்ல அது. ஆனால் அவருடைய கொலையே தீராத நாட்டில் எங்களுடைய கோப்புகள் எந்த மேசையில் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வழக்கு நடந்த விதத்தைக் கேளுங்கள். கொலையோடு தொடர்புபட்ட கைத்தொலைபேசி சிம்களை நுவரெலியாவில் இருந்த ஒரு ஏழைத் தமிழரின் அடையாள அட்டையைக் காட்டி வாங்கியிருந்தார்கள். 2010 இல் அவரைப் பிடித்தார்கள். 2011 இல் விளக்கமறியலிலேயே அவர் செத்துப்போனார். கொழும்பில் ஒரு சிங்கள ஆசிரியரைக் கொல்வதற்குக்கூட ஒரு தமிழனின் அடையாள அட்டை தேவைப்பட்டிருக்கிறது. அந்த மனிதருக்காக யாரும் விருது கொடுக்கவில்லை.

2015 இல் ஆட்சி மாறியதும் விசாரணை உயிர் பெற்றது. 2016 செப்ரெம்பரில் லசந்தவின் உடலைத் தோண்டி எடுத்துத் திரும்பவும் பரிசோதித்தார்கள். மிக் கொள்வனவையும் நிதிக்குற்றப் புலனாய்வுப் பிரிவு தோண்டியது. முன்னாள் ரஷ்யத் தூதுவர் உதயங்க வீரதுங்க, ராஜபக்ஷக்களின் உறவினர், 2020 பெப்ரவரியில் நாடு திரும்பியபோது கைதானார். அவரும் குற்றச்சாட்டை மறுக்கிறார். லசந்தவின் மகள் அகிம்சா 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் கோட்டாபய மீது வழக்குத் தொடர்ந்தார். பதவியில் இருந்தபோது செய்தவற்றுக்கு விலக்குரிமை உண்டு என்று ஒக்ரோபரில் அது தள்ளுபடியானது. அடுத்த மாதம் கோட்டாபய ஜனாதிபதியானார். கொலையை விசாரித்த அதிகாரி ஒருவர் சில நாட்களிலேயே குடும்பத்துடன் சுவிஸுக்குப் போய்விட்டார். 2022 இல் கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். அதே வருடம் ஹேக்கில் கூடிய மக்கள் தீர்ப்பாயம் ஒன்று இலங்கை அரசைக் குற்றவாளியாகக் கண்டது. அந்தத் தீர்ப்புக்குச் சட்ட வலு இல்லை. 2025 தொடக்கத்தில் சட்டமா அதிபர் மூன்று சந்தேகநபர்களை விடுவிக்கலாம் என்றார். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த அறிவுறுத்தலை நிறுத்தி வைத்தார். இதுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

போன மாதம் அக்கராயனில் குளக்கட்டால் நடந்து போனேன். மீள்குடியேறி வந்தபோது வளவுக்குள் பற்றை மூடிக் கிடந்த எங்கள் பங்கர் இப்போது ஒரு பள்ளம் மட்டும்தான். மாரியில் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். பக்கத்து வளவுப் பிள்ளைக்கு, பாடசாலை ஒப்படைக்காகச் சண்டைக் காலத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த விமானம் யாருடைய காசில் வாங்கினது என்று கேட்டாள். நாங்கள் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டிய வரியும் அதற்குள் இருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

நம்பக் கஷ்டமான கணக்குத்தான். ஆனால் அதைத்தான் லசந்த கேட்டார். எவ்வளவு, யாருக்கு, ஏன் என்று. எங்களிடமும் அதே மாதிரிக் கேள்விகள் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், கையளிக்கப்பட்டவர்கள் எங்கே, பிடித்த காணி யாருடைய பெயரில் இருக்கிறது. கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டிலில் வருடக்கணக்காகக் குந்தியிருக்கிற அம்மாமாரும் ஒரு கணக்கைத்தான் கேட்கிறார்கள். அத்திடியச் சந்தியில் மறித்த கேள்வியும் இந்தக் கேள்வியும் ஒரே அலுமாரிக்குள்தான் பூட்டிக் கிடக்கின்றன.