முதுகைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்

பாட்டி முதுகு வலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். பெரும்பாலான முதுகு வலி சில நாட்களில் தானாகவே குறைந்துவிடுவது உண்மைதான். ஆனால் சிலருக்கு அவ்வலி உள்ளே ஒளிந்திருக்கும் பெரு நோயின் அறிகுறி. இதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர்.

இவர் 1714ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் லண்டனில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். 1729இல், நம்மைப் போன்ற பதினைந்து வயதில், எட்வர்டு நூர்ஸ் என்ற அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1749 முதல் 1787 வரை புனித பர்த்தலோமேயு மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார்.

1756இல் குதிரையிலிருந்து விழுந்து அவருடைய கால் எலும்பு முறிந்தது. பிறர் தம்மைத் தூக்க வந்தபோது தடுத்துவிட்டார். ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, அதைக் கழிகளில் ஆணியடித்து, அதன்மேல் படுத்தபடியே வீடு சேர்ந்தார். காலை வெட்டி எடுக்க மருத்துவர்கள் முடிவு செய்தனர், கருவிகளும் தயாராயின. அப்போது வந்து சேர்ந்த ஆசான் நூர்ஸ், காலை நன்கு சோதித்து, காப்பாற்ற வழியுண்டு என்றார். கால் பிழைத்தது! பொறுமையாகச் சோதிப்பதன் அருமையைப் பாட் தம் உடலிலேயே கண்டார்.

அக்காலத்தில் கால்கள் செயலிழந்த குழந்தைகள் பலர் இருந்தனர். அவர்களுடைய முதுகெலும்பு கூன் விழுந்திருப்பதைப் பாட் கவனித்தார். குறை கால்களில் இல்லை, முதுகெலும்பு நோயுற்று அரிக்கப்படுவதே காரணம் என்று 1779இல் நூலாக எழுதினார். 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். முதுகெலும்பை அரிப்பது அதே கிருமி என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்நோய் இன்றும் பாட் நோய் என்றே வழங்கப்படுகிறது.

1788 டிசம்பரில் கடுங்குளிரில் வெளியூர் சென்று நோயாளியைப் பார்த்துத் திரும்பிய பாட், காய்ச்சல் கண்டு 22ஆம் நாள் காலமானார்.

இன்று மருத்துவர்கள் முதுகு வலியோடு வருபவரிடம் பல கேள்விகள் கேட்கின்றனர். காய்ச்சல் உண்டா? உடல் மெலிகிறதா? இரவில் படுத்தாலும் வலி ஓயவில்லையா? முன்பு புற்றுநோய் இருந்ததா? கீழே விழுந்தீர்களா? கால்கள் வலுவிழக்கின்றனவா? சிறுநீர் கழிப்பதில் தொல்லையா? ஒரு விடை மட்டும் நோயை உறுதி செய்துவிடாது. ஆயினும் மேலும் சோதிக்க வழிகாட்டும். காலும் சிறுநீரும் திடீரெனக் கட்டுப்பாடு இழந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முதுகெலும்புக் காசநோயை உரிய காலத்தில் கண்டால் மருந்தாலேயே பெரும்பாலும் குணப்படுத்தலாம். தாமதித்தால் நடக்க இயலாமலே போகலாம்.

அன்புத் தோழியரே, வீட்டில் முதியவர் முதுகு வலி என்றால் தைலத்தோடு நிறுத்திவிட வேண்டாம். அருகில் அமர்ந்து இக்கேள்விகளைக் கேட்போம். ஐயம் எழுந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அன்போடு கேட்கும் ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்!