சரதியேலும் சபானும்

எங்கள் மாங்குளத்துப் பிள்ளைகளுக்கும் உதுவன்கந்தை சரதியேல் வீரன்தான். 1832 இல் பிறந்தவன். கொழும்பு–கண்டி வீதியில் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன். பறித்ததை ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பது சனங்களின் கதை. வெள்ளைக்காரன் சட்டத்தால் காணி இழந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. அவனது நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார் நம்மவர். 1864 மார்ச் 21 அன்று மாவனெல்லையில் அவர்களைப் பிடிக்கப் போய்ச் சூடுபட்டு இறந்த கொன்ஸ்தாபிள் துவான் சபானும் நம்மவரே, மலாய் முஸ்லிம். மே 7 இல் சரதியேலும் மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். மார்ச் 21 இன்றும் பொலிஸ் வீரர் தினம். சரதியேல் பெயரில் உதுவன்கந்தையில் ஒரு மாதிரிக் கிராமமே இருக்கிறது. சபான் யாரென்று கேட்டேன். வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.