டாக்டர் சுசிலா நய்யார்

கோரிமேடு ஜிப்மர்ல ஓ.பி. சீட்டுக்கு வரிசையில நிக்கிற நம்ம அக்காமார் பலருக்கு இந்தப் பேர் தெரியாது. 1964-ல் ஜிப்மர் தொடங்கினப்போ மத்திய சுகாதார அமைச்சர் இவங்கதான்.

1914-ல் பஞ்சாபில் பிறந்து, டெல்லியில் டாக்டருக்குப் படிச்சு, காந்தியோட சேவாகிராமத்துக்குப் போனாங்க. 1942-ல் கைதாகி, புனே ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாவுக்கு வைத்தியம் பார்த்தாங்க. காப்பாத்த முடியல. கைதியும் அவங்க, டாக்டரும் அவங்க! எனக்கு மனசு கனத்தது இங்கதான்.

பிறகு அமெரிக்காவில் பொது சுகாதாரப் படிப்பு, டெல்லி மாநில அமைச்சர், ஜான்சி எம்.பி. மந்திரி பதவி முடிஞ்சும் ஓயல. 1969-ல் சேவாகிராமத்திலேயே மருத்துவக் கல்லூரி தொடங்கினாங்க. அங்க சேர்ற பிள்ளைங்க ஒவ்வொரு வருஷமும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, வீடுவீடாப் போய் உடம்பு விசாரிக்கணும்.