ஈ. கிருஷ்ண ஐயர்

ஈ. கிருஷ்ண ஐயர் (ஆகஸ்ட் 9, 1897 – ஜனவரி 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞரும் விடுதலைப் போராட்ட வீரரும் நடனக் கலைஞரும் ஆவார். சதிர் என்று வழங்கிய ஆடற்கலை அழியாமல் காக்க முனைந்தவர்களுள் முன்னோடி.

பிறப்பும் பயிற்சியும்

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். சுகுண விலாச சபையின் நாடகங்களில் பெண் வேடம் ஏற்று நடித்தார். மெலட்டூர் நடேச ஐயரிடம் சதிர் பயின்றார். ஆண்களே பெண் வேடம் புனைந்து ஆடும் பாகவத மேளத்துக்குப் பெயர் பெற்ற ஊர் மெலட்டூர் ஆகும். பின்னர் இவரே பெண் வேடத்தில் மேடையேறிச் சதிர் ஆடிக்காட்டினார்.

சதிர் விவாதம்

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, சதிர் நிகழ்ச்சிகளையும் எதிர்த்தார். முறையின் தீமைக்காகக் கலையை அழித்தல் கூடாது என்பது கிருஷ்ண ஐயரின் நிலைப்பாடு. 1932 இல் இருவரும் நாளிதழ்களில் கடிதங்கள் வழியே வாதிட்டனர். 1928 இல் தொடங்கப்பட்ட சென்னை மியூசிக் அகாதமியின் செயலாளர்களுள் ஒருவராக இருந்த இவரது முயற்சியால், 1931 இல் கல்யாணி மகள்களின் சதிர்க் கச்சேரி அங்கு நடைபெற்றது.

விளைவு

1930களில் பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றது. பிற சமூகப் பெண்களும் ஆடக் கற்றனர். கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. கலை பிழைத்தது, ஆயினும் அதை வழிவழியாகப் பேணிவந்த குடும்பப் பெண்களுள் பலர் மேடையை இழந்தனர்.

விருது

1966 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.