சதுரங்க மேதை மீர் சுல்தான் கான்

1930ஆம் ஆண்டின் முடிவில் இங்கிலாந்தின் கரையோர நகரான ஹேஸ்டிங்ஸில் ஆரம்பமான சதுரங்கச் சுற்றுப்போட்டியில், முன்னாள் உலக சம்பியனான கியூபா நாட்டவர் கபபிளாங்கா 65 நகர்த்தல்களில் தோல்வியுற்றார். அவரைத் தோற்கடித்தவர், பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறாத மீர் சுல்தான் கான். ஐரோப்பியச் சதுரங்கத்தின் விதிகளையே அவர் வாலிப வயதில்தான் கற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய பாகிஸ்தானின் சர்கோதாவை அண்மித்த மித்தா திவானா அவரது ஊராகும். சிறு வயதில் தந்தை நிஸாம் தீனிடம் அவர் பயின்றது இந்திய முறை ஆட்டம். அம்முறையில் காலாள் தொடக்கத்தில் இரு கட்டங்கள் பாய்வதில்லை. அரசனையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் இடம்மாற்றும் ஐரோப்பிய வழக்கமும் அதில் இல்லை. மாறாக அரசன் ஒரு தடவை குதிரையைப் போல் தாவலாம். எனவே இரு படைகளும் மெதுவாகவே நெருங்கும். பொறுமையே அங்கு பிரதான ஆயுதம்.

இப்பயிற்சியின் முத்திரை அவரது ஆட்டத்தில் இறுதிவரை இருந்தது. ஐரோப்பியர் நூல்களிலிருந்து மனனஞ்செய்து வந்த தொடக்க நகர்த்தல்களில் அவர் பலவீனமானவர். பல ஆட்டங்களை நெருக்கடியான நிலையிலிருந்தே ஆரம்பித்தார். ஆனால் காய்கள் குறையக் குறைய அவரது பலம் கூடியது. அவசரப்படாமல் எதிராளியை இறுக்கிச் செல்லும் கலையை எவரும் அவருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1928இல் அகில இந்திய சம்பியனான அவரை மறு ஆண்டு இலண்டனுக்கு அழைத்துச் சென்றவர் பெருநிலக்கிழார் சேர் உமர் ஹயாத் கான். அவ்வாண்டிலேயே பிரித்தானிய சம்பியன் பட்டம் சுல்தான் கானின் கைக்கு வந்தது. 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அதனை வென்றார். 1931இல் தார்தகோவரை நேரடித் தொடரில் தோற்கடித்தார். அதே ஆண்டு பிராக் ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதற்பலகையில் ஆடி ஃபுளோரையும் ரூபின்ஸ்டைனையும் வென்று, உலக சம்பியன் அலெகைனுடன் சமநிலை கண்டார். மலேரியாவும் இங்கிலாந்தின் குளிரும் அவரை வாட்டிய காலம் அது.

1933இல் சேர் உமரின் இல்லத்து விருந்தில் தமக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கானே என அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் பின்னாளில் எழுதினார். அதன்பின் 'பணியாள்' என்ற அடைமொழி அவரது பெயருடன் ஒட்டிக்கொண்டது. நிலமும் மார்க்கத் தலைமையும் கொண்ட குடும்பத்தவர் அவர் என அன்னாரின் வாரிசுகள் இதனை மறுத்துள்ளனர். மும்முறை சம்பியனானவரை அந்த ஒரு சொல்லில் அடக்குவது நீதியன்று. எனினும் அவர் எங்கே, எவ்வளவு காலம் ஆடுவது என்பது புரவலரின் கையில் இருந்ததை மறுப்பதற்கில்லை. 1933 டிசம்பரில் சேர் உமர் நாடு திரும்பியபோது சுல்தான் கானும் திரும்பினார். முப்பது வயதளவில் அவரது சர்வதேச வாழ்வு முடிவுற்றது.

1935இல் காதில்கருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்று, ஒன்றைச் சமன்செய்தார். பின்னர் விவசாயமே அவரது தொழிலாயிற்று. பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கப் பயிற்சி அளிக்கவில்லை. பயனுள்ள வேறேதும் செய்யுமாறு கூறினாராம்.

1950இல் சர்வதேச சதுரங்க சம்மேளனம் முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது, அவரிடம் தோற்ற ரூபின்ஸ்டைனும் தார்தகோவரும் பட்டியலில் இருந்தனர், அவர் இருக்கவில்லை. 1966 ஏப்ரல் 25ஆம் திகதி சர்கோதாவில் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024 பெப்ரவரியில் அவருக்கு வழங்கப்பட்டது.