சேர் பொன்னம்பலம் அருணாசலம்: எல்லோரையும் ஒன்றுசேர்த்தவர் ஏன் தனியே வெளியேறினார்?

போர்க் காலத்தில் வீட்டை விட்டு ஓடியவர்கள் கையில் எடுத்துச் சென்ற பையில் என்ன இருந்தது என்று கேட்டால், பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, காணி உறுதி. அவற்றைத் தொலைத்தவர்கள் பின்னர் எத்தனை அலுவலகங்களின் வாசலில் நின்றார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒரு மனிதன் பிறந்தான், வாழ்ந்தான், இந்த நிலம் அவனுடையது என்று அரசாங்கத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை, அதை இழந்தவர்களே நன்கு அறிவார்கள்.

அந்த ஏடுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒழுங்குபடுத்தியவர் ஒரு தமிழர். இந்நாட்டின் எல்லாச் சமூகங்களும் கூடிய முதலாவது பெரிய அரசியல் இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்த இயக்கத்திலிருந்து மனம் நொந்து வெளியேறியவரும் அவரே. சேர் பொன்னம்பலம் அருணாசலம் மறைந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவருக்கு நேர்ந்தது இன்னும் பழங்கதையாகிவிடவில்லை.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட முதலியார் பொன்னம்பலத்தின் மூன்றாவது மகனாக 1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் அருணாசலம் பிறந்தார். மூத்த சகோதரர்கள் குமாரசுவாமியும் இராமநாதனும். தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை நிறுவியவர் தந்தை. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம் அது. பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியில் படித்து, புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். சட்டமும் கற்றார். இலங்கைச் சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையில் 1875இல் சித்தியடைந்தார். திறந்த போட்டியில் வென்று அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவர்தான்.

நுழைந்துவிட்டாலும் உள்ளே சமத்துவம் இருக்கவில்லை. மாகாண நிர்வாகத்தின் உயர் பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. உள்நாட்டவர் நீதித்துறைப் பக்கமே அனுப்பப்பட்டார்கள். அருணாசலமும் பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். 1887இல் தேசாதிபதி ஆர்தர் கோர்டன், சேவை மூப்பில் முன்னிருந்த பலரைத் தாண்டி அவரைப் பதிவாளர் நாயகம் பொறுப்பில் அமர்த்தினார். ஐரோப்பிய அதிகாரிகள் பலருக்கு இது பொறுக்கவில்லை. அருணாசலம் வேலையால் பதில் சொன்னார். காணிப் பதிவில் நிலவிய குழப்பங்களையும் தாமதங்களையும் களைந்தார். பிறப்பு, இறப்புப் பதிவுகளை நம்பத்தக்கவையாக மாற்றினார்.

1901ஆம் ஆண்டின் குடிசனமதிப்பும் அவருடைய பொறுப்பிலேயே நடந்தது. அன்று எண்ணப்பட்ட மக்கள் தொகை சுமார் 35 இலட்சத்து 66 ஆயிரம். அந்த எண்ணிக்கையுடன் அவர் எழுதிய அறிக்கை வெறும் அட்டவணைத் தொகுப்பாக இருக்கவில்லை. இத்தீவில் வாழும் சமூகங்களின் வரலாறு, மொழி, சமயம், வழக்கங்கள் அனைத்தையும் அது விரிவாகப் பேசியது. இந்நாட்டில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதை அவரளவுக்கு அறிந்திருந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1906இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதன் பயனாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று பேராதனையில் ஒரு மாணவர் விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்பது இதனால்தான்.

1913இல் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபது. அமைதியாக இருந்திருக்கலாம். திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதிலும் சைவ சித்தாந்தத்திலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. ஆனால் அவருடைய பொதுவாழ்வின் மிகத் தீவிரமான பத்தாண்டுகள் ஓய்வுக்குப் பின்னரே தொடங்கின.

1915 ஜனவரியில் இலங்கை சமூக சேவைச் சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார். கொழும்பின் சேரிகளில் வாழ்ந்த ஏழைகளுக்கு இராப் பாடசாலை, மருத்துவ உதவி, சுகாதாரம், குடிசைத் தொழில் என்று அதன் பணி விரிந்தது. அந்தச் சேரிகளில் வாழ்ந்தவர்கள் எல்லா இனத்தவரும்தான். சங்கமும் இனம் பார்க்கவில்லை.

அடுத்து அவர் பார்வை மலையகத்தின் பக்கம் திரும்பியது. அன்றைய தோட்டத் தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். சிறையில் அடைக்கலாம். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் கடன் தீர்ந்தது என்று பழைய தோட்டம் தரும் துண்டு தேவை. கங்காணியிடம் பட்ட கடனோ ஒருபோதும் தீராது. தோட்டத்துக்குத் தோட்டம் மனிதரைக் கடனோடு கைமாற்றிய முறை அது. 1919 ஜூனில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அருணாசலம் தொடங்கினார். மலையகத்தைச் சேர்ந்த பெரி சுந்தரம் அதன் செயலாளரானார். யாழ்ப்பாணத்துப் பெருங்குடும்பத்தில் பிறந்த ஒருவர் தோட்டத் தொழிலாளிக்காக வெளிப்படையாக நின்றது அந்நாளில் சாதாரண விடயமல்ல. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதே காலத்தில்தான் அரசியல் சீர்திருத்தத்துக்கான போராட்டமும் நடந்தது. 1917 ஏப்ரலில் இலங்கையின் அரசியல் தேவைகள் பற்றி அவர் ஆற்றிய உரை படித்தவர்களை உலுக்கியது. அடுத்த மாதமே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் அவர் தலைமையில் உருவானது. சிங்களவரும் தமிழரும் ஏனையோரும் ஒரே குரலில் கேட்டால் மட்டுமே பிரித்தானியா அசையும் என்று அவர் நம்பினார்.

யாழ்ப்பாணம் அவ்வளவு எளிதில் நம்பவில்லை. பிரதேச அடிப்படையில் தேர்தல் வந்தால் தமிழர் சிறுபான்மையாகச் சுருங்கிவிடுவார்கள் என்று யாழ்ப்பாணச் சங்கம் அஞ்சியது. அதைப் போக்க அருணாசலம் சமரசம் பேசினார். மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று 1918 டிசம்பர் 7ஆம் திகதி ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தின் பலத்தில் தமிழ்த் தலைவர்கள் இணங்கினார்கள். 1919 டிசம்பர் 11ஆம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைவர் அருணாசலம்.

இரண்டு ஆண்டுகள்கூட முழுதாகத் தாங்கவில்லை. புதிய சட்டசபைக்கான தேர்தல் வந்தபோது கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலம் நிற்பார் என்று எதிர்பார்க்கப்பட்டது. அந்த ஆசனம் ஜேம்ஸ் பீரிஸுக்குப் போனது. எழுதிக் கொடுத்த உறுதிமொழியைப் பற்றிக் கேட்டபோது விளக்கங்கள் கிடைத்தன, ஆசனம் கிடைக்கவில்லை. தன் சொல்லை நம்பி வந்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு அருணாசலமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1921இல் அவர் காங்கிரஸை விட்டு விலகினார். அதே ஆண்டில் தமிழர் மகாசன சபை தோன்றியது. 1923இல் அவர் இலங்கைத் தமிழ் லீக்கை அமைத்தார். 1924 ஜனவரி 9ஆம் திகதி, தமிழகத்துக்கு யாத்திரை சென்றிருந்த இடத்தில், மதுரையில் காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. அவர் கேட்ட மேல் மாகாணத் தமிழர் ஆசனம் 1924ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இடம்பெற்றது. அவருடைய மகன் மகாதேவாவே அதில் வென்று சட்டசபைக்குச் சென்றார். ஆனால் அதைத் தந்தது நண்பர்களின் வாக்குறுதி அல்ல, காலனித்துவ அரசின் ஏற்பாடு. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது அந்த ஆசனமும் இல்லாமற்போனது.

அருணாசலத்தின் அரசியலில் குறை இல்லை என்று சொல்வதற்கில்லை. அன்றைய தலைவர்கள் எல்லோரையும் போலவே அவரும் ஆங்கிலம் கற்ற கனவான்களின் வட்டத்துக்குள் அரசியல் செய்தார். ஒரு சமூகத்தின் பாதுகாப்பை ஒரு சில நண்பர்களின் கையொப்பத்தில் ஒப்படைத்தார். அந்தக் கையொப்பத்தை நிறைவேற்றச் சொல்லி எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. 1957இல் செய்த பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் 1958இல் கிழிக்கப்பட்டபோதும், 1965இல் செய்த டட்லி–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டபோதும் தமிழர்கள் இதே இடத்தில்தான் நின்றார்கள்.

அவர் செய்த வேலைகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பதிவேடுகள் நிலைத்தன. பல்கலைக்கழகம் வந்தது. துண்டு முறை ஒழிந்தது. இவை சட்டமாகவோ நிறுவனமாகவோ ஆனவை. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடப்பட்டது முதலில் உடைந்தது. சட்டமும் நீதியாக இருக்க வேண்டும் என்பதை மலையக மக்கள் 1948இல் அனுபவித்தார்கள். அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

கொழும்பில் பழைய நாடாளுமன்ற வளாகத்தில் அருணாசலத்தின் சிலை இன்றும் நிற்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாரும், காணியைத் திருப்பிக் கேட்கும் குடும்பங்களும் தலைநகருக்கு வந்து குரல் எழுப்பும்போது கடந்து போகும் வழிதான் அது. அவர்களுக்கும் பல வாக்குறுதிகள் கொடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் எத்தனை சட்டமாக எழுதப்பட்டன என்று கேட்பதே, அந்த மனிதருக்கு நாம் செலுத்தக்கூடிய உருப்படியான அஞ்சலி.