குறுவழி கண்ட குடந்தை மேதை

காவிரி பாய்ந்து வளங்கொழிக்கும் தஞ்சைத் தரணி நெல்லுக்கும் இசைக்கும் சிற்பத்திற்கும் பெயர்பெற்றது. அத்தரணியைக் கணித உலகமும் அறியச் செய்தவர் சீனிவாச இராமானுஜன். நம் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பகலில் சென்று திரும்பும் தொலைவில் உள்ள கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர் அவர். கணினி யுகத்து மாணவர் ஒவ்வொருவரும் அம்மேதையின் வாழ்வை அறிந்திருத்தல் வேண்டும்.

கணினிக்கு உயிர், அல்காரிதம் எனப்படும் கணிமுறை. ஒரு விடையை அடைய எந்தப் படிகளை எந்த வரிசையில் கடக்க வேண்டும் என்பதை வகுத்துரைப்பதே அது. 9ஆம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்தில், பாக்தாத் நகரின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தில் பணியாற்றிய அல்-குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் மொழியில் திரிந்து அச்சொல் ஆயிற்று. இந்திய எண்முறையை விளக்கி அவர் எழுதிய நூல், அம்முறை மேலை நாடுகளில் பரவப் பெரிதும் துணைநின்றது.

ஒரே விடைக்கு வழிகள் பல இருக்கலாம். அவற்றுள் குறைந்த படிகளில் விடை தருவது எது என ஆராய்வது கோட்பாட்டுக் கணினியியலின் தலையாய பணியாகும். மின்னணுக் கணினி தோன்றுவதற்கு முன்பே, சிலேட்டுப் பலகை ஒன்றையே கருவியாகக் கொண்டு அத்தகைய குறுவழிகளைக் கண்டவர் இராமானுஜன்.

பிறப்பும் கல்வியும்

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இராமானுஜன் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் கார் என்பார் தொகுத்த கணித நூலொன்று இராமானுஜன் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் பெரும்பாலும் விரிவான நிறுவல் இன்றி அந்நூலில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே மெய்ப்பிக்க முனைந்ததே அவர் பெற்ற உயர்கல்வி எனலாம்.

1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிய அவர் ஏனைய பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. கல்லூரிப் பட்டம் இல்லை, கைப்பொருள் இல்லை, 1909இல் திருமணமும் நிகழ்ந்தது. தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

கைகொடுத்த பெருமக்கள்

இந்நிலையில் அவரை இனங்கண்ட சான்றோர் சிலர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அவருடைய குறிப்பேடுகளின் அருமையை உணர்ந்து அறிமுகக் கடிதங்கள் தந்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். ஐயம் நீங்கியபின் திங்கள்தோறும் தம் பொருளிலிருந்து உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அங்கு மேலாளராய் இருந்த நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஊக்கமளித்தனர்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17இல் அவர் கப்பலேறினார். கடல் கடத்தல் குலவழக்கத்திற்கு மாறெனக் கருதப்பட்ட காலம் அது. கடல் கடந்து பொருளீட்டி ஊரை வளர்த்த நம்மவர்க்கு, பிரிவின் துயரும் அயல்நாட்டு வாழ்வின் அருமையும் சொல்லாமலே விளங்கும்.

குறுவழிகள் இரண்டு

ஓர் எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் பிரிக்கலாம்? 4 என்னும் எண்ணுக்கு 5 வகை. 10க்கு 42 வகை. 100க்கோ 19 கோடிக்கு மேல். மக்மேகன் என்னும் அறிஞர், முந்தைய எண்களின் விடைகளைக் கொண்டு அடுத்த விடையைக் காணும் முறையில், 200 வரை கையாலேயே கணக்கிட்டார். ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட வாய்பாடோ முந்தைய விடைகள் எவற்றையும் வேண்டாமல் நேரே 200க்குச் சென்றது. அதன் எட்டே உறுப்புகளைக் கூட்டிய அளவில் 39,72,99,90,29,388 என்னும் விடை கிட்டியது; பிழை ஓர் எண்ணின் ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. 1937இல் ராடமாக்கர் அவ்வாய்பாட்டை முழுமையாக்கினார். 2012இல் யோஹான்சன் என்பார் இவ்விலக்கங்களைக் கணினியில் மிக விரைந்து காண அமைத்த முறைக்கும் அதுவே அடிப்படை.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுக்கக் கிடைக்கும் பை என்னும் எண் மற்றொன்று. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்து மாதவர் கண்ட அடிப்படைத் தொடர் அழகியது. எனினும் ஆறு தசம இடங்கள் சரியாக வருவதற்கே லட்சக்கணக்கான உறுப்புகளைக் கூட்ட வேண்டும். 1914இல் இராமானுஜன் வெளியிட்ட தொடர்களுள் ஒன்று, முதல் உறுப்பிலேயே ஆறு இடங்களைச் சரியாகத் தருகிறது. அடுத்துவரும் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைச் சேர்க்கிறது. 1985இல் காஸ்பர் இதனைக் கொண்டு கணினியில் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார். அவ்வழியில் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் அமைத்த தொடரால் 2022இல் 100 லட்சம் கோடி இலக்கங்கள் கணிக்கப்பட்டன.

1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் ஆகிய மூவர், குறைந்த இணைப்புகளைக் கொண்டே எந்த முனையிலிருந்தும் எந்த முனையையும் விரைந்து எட்டும் வலைப்பின்னல்களை அமைத்தனர். இராமானுஜன் 1916இல் முன்வைத்த கருதுகோளின் வழிவந்த கணிதமே அதற்கு அடித்தளம் ஆதலின், அவற்றுக்கு இராமானுஜன் வரைபுகள் என்றே பெயரிட்டனர். கணினியியலார் அவற்றை இன்றும் பயன்படுத்துகின்றனர்.

வாழ்வின் முடிவும் நாம் கொள்ளும் பாடமும்

1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் இராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பெற்றார். எனினும் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் நோயும் அவரை வாட்டின. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் அகவையில் மறைந்தார். படுக்கையில் இருந்தபடியே எழுதிய இறுதிக்காலக் குறிப்புகள் இன்றும் ஆராயப்படுகின்றன.

குறுவழி என்றவுடன் உழைப்பைத் தவிர்க்கும் வழி என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். இராமானுஜன் காட்டியது அதுவன்று. ஓராயிரம் முறை எழுதி அழித்த சிலேட்டிலிருந்தே எட்டு உறுப்பில் விடை தரும் வாய்பாடு பிறந்தது. நிறுவலின்றி அவர் கண்ட முடிவுகள் சில, பகா எண்களைப் பற்றியவை, பிழையாகவும் அமைந்தன. அவர்தம் உள்ளுணர்வுக்கு ஹார்டியின் நிறுவல் ஒழுங்கு துணைசேர்ந்தபோதே முழுப்பயன் விளைந்தது.

ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் உரிய பாடம் வேறு. விதிப்படி பார்த்தால் உதவித்தொகையை நிறுத்தியது குற்றமன்று. ஆயினும் விதியோடு நின்றிருந்தால் இராமானுஜன் இல்லை. ஒருவர் கடிதம் தந்தார். ஒருவர் பொருள் தந்தார். ஒருவர் வேலை தந்தார். ஒரு பல்கலைக்கழகம் தன் வழக்கத்தைத் தளர்த்தியது. அவ்வளவே வேண்டியிருந்தது. ஒரு பாடத்தில் ஒளிர்ந்து ஏனையவற்றில் தோற்கும் பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். அப்பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குமுன் அதன் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்போமாக. அத்தகைய கண்ணையும் கனிவையும் இறைவன் நமக்கு அருள்வானாக.